வேகாத மனிதர்களும் வெந்துபோன மாட்டிறைச்சியும்: ஏசிக்கு முன்னால் வீட்டைக் குளிர்வித்த கதை

1/
"டாக்டர்.. ஏசி வாங்குற அளவுக்கு வசதியில்லை. ஏர் கூலர் வாங்கலாமா? இல்ல, இன்னொரு ஃபேன் போதுமா?"

மார்ச் மாதம் பிறந்தாலே இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்களில் பலரின் வீட்டில் வயதான அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். இல்லையென்றால் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை இருக்கும். அதனால் இதை வெறும் சொகுசு பற்றிய கேள்வியாக என்னால் பார்க்க முடிவதில்லை.

சென்னைக்காரருக்குச் சொல்லும் பதில் கரூர்காரருக்குப் பொருந்தாது. தரைத்தளத்தில் இருப்பவருக்குச் சொல்வது மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவருக்குப் பொருந்தாது. ஏன் என்று புரிய கொஞ்சம் வரலாறு பார்க்கணும். நீளமான த்ரெட் இது. பொறுமையாக வாசிங்க 🙏

2/
வருடம் 1774. ஊர் லண்டன்.

ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் ஓர் அறையை அடுப்பு வைத்துச் சூடேற்றினார். அதற்குள் சார்லஸ் பிளாக்டன் என்ற இன்னொரு மருத்துவரும் நண்பர்களும் நுழைந்தார்கள். கேப்டன் குக்கின் கப்பலில் உலகம் சுற்றிவந்த ஜோசப் பேங்க்ஸும் சோலாண்டரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

பல நாட்கள் சோதனை நடந்தது. கடைசியில் அறையின் சூடு 260 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போனது. நம் கணக்கில் ஏறக்குறைய 127 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட அதிகம்!

பிளாக்டன் அதற்குள் சில நிமிடங்கள் நின்றுவிட்டு நடந்தே வெளியே வந்தார். அவருடைய உடல் வெப்பநிலை பெரிதாக ஏறவில்லை.

3/
அதே அறையில் அவர்கள் முட்டைகளை வைத்தார்கள். சுமார் 20 நிமிடத்தில் கெட்டியாக வெந்துவிட்டன.

மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை வைத்தார்கள். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அதுவும் தேவைக்கு அதிகமாகவே வெந்துவிட்டது.

இன்னொரு துண்டை வைத்து அதன் மேல் துருத்தியால் காற்று ஊதினார்கள். அது 13 நிமிடத்திலேயே பெரும்பாலும் வெந்துவிட்டது!

இங்கே கொஞ்சம் நில்லுங்க. காற்று ஊதினால் ஆறணும் தானே? ஏன் சீக்கிரம் வெந்தது?

அந்த இறைச்சியைவிட காற்று அதிக சூடாக இருந்தது. காற்று வேகமாக வீசும்போது அந்தச் சூடு இறைச்சிக்குள் வேகமாக ஏறியது. அவ்வளவுதான் விஷயம். இந்த 13 நிமிடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நம் வீட்டு ஃபேனைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

4/
சரி.. இறைச்சி வெந்தது. மனிதர்கள் ஏன் வேகவில்லை?

வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலில் இருந்து முழுதாக ஆவியானால் அது தன்னோடு ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். உடம்பிடம் இருக்கும் மிகப் பெரிய குளிரூட்டி அதுதான்.

ஆனால் "ஆவியானால்" என்ற சொல்லைக் கவனிங்க. சொட்டிச் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் எந்தப் பயனும் இல்லை.

இதற்கு முன்பே ஃபோர்டைஸ் வேறு ஒரு சோதனையும் செய்திருந்தார். தரையில் கொதிநீர் ஊற்றி, நீராவி நிரம்பிய அறைக்குள் நின்றார். அங்கே சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே அவர் உடம்பெங்கும் நீர் ஓடியது. ஈரக் காற்றில் 50 டிகிரி படுத்தும் பாடு அது. உலர்ந்த காற்றில் 127 டிகிரியைக்கூட சில நிமிடம் தாங்க முடிந்திருக்கிறது.

நம்ம ஊரில் இந்த வித்தியாசத்துக்கு அருமையான இரண்டு சொற்கள் உண்டு. வெக்கை, புழுக்கம். இரண்டும் வேறு வேறு நோய்கள் மாதிரி. மருந்தும் வேறு வேறு.

5/
ஏசிக்கு முந்தைய குளிர்ச்சி வரலாறு முழுவதையும் மூன்று சொற்களில் அடக்கிவிடலாம்.

💧 தண்ணீர்
🌬️ காற்று
🏠 கூரை

நடுவில் ஐஸ் என்று ஒரு சிறு கிளைக்கதையும் உண்டு. ஒவ்வொன்றாக வாங்க பார்க்கலாம்.

6/
முதலில் தண்ணீர்.

வட இந்தியாவின் கோடை உலர்ந்த வெக்கை. அங்கே வெட்டிவேரைத் தட்டியாகப் பின்னி, வாசலிலும் ஜன்னலிலும் தொங்கவிட்டு, அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே அடிக்கும் அனல் காற்று அந்த ஈர வேரின் வழியாக உள்ளே வரும்போது குளிர்ந்து, மணத்தோடு வரும்.

அக்பர் காலத்து அய்ன்-இ-அக்பரி நூலில் இந்த வெட்டிவேர் அறைகள் பற்றிய குறிப்பு இருக்கிறது. வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் குளிர்ச்சியில் குடிநீரைக் குளிர வைத்ததையும் அந்நூல் சொல்கிறது.

நம் மண்பானையும் இதே தத்துவம்தான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. மழை நாளில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. கவனித்திருக்கிறீர்களா? ஏர் கூலர் கடைக்குப் போகும் முன் அந்தப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள்.

7/
1830-களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் இதை ஒரு கருவியாகவே செய்துவிட்டார்கள். பெயர் தெர்மான்டிடோட். "வெப்பத்துக்கு மாற்று மருந்து" என்று பொருள்படும்படி வைத்த பெயர்.

பெரிய மரப்பெட்டி. பக்கங்களில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி. உள்ளே சுழலும் இறக்கைகள். ஒரு கூலியாள் வெளியே நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். குளிர்ந்த காற்று வீட்டுக்குள் போகும்.

இன்று நீங்கள் ஆன்லைனில் பார்க்கும் ஏர் கூலரும் இதுவும் ஒரே சாதனம்தான். கூலியாளின் இடத்தில் மோட்டார். தண்ணீர் ஊற்றுபவரின் இடத்தில் பம்ப். சில கூலர்களில் இன்றும் நீர் இறங்கும் அட்டை வெட்டிவேரில்தான் இருக்கிறது.

8/
அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இதே கதை இன்னொரு முறை நடந்தது.

ஃபீனிக்ஸ் நகரத்து மக்கள் கோடை இரவுகளில் வலை அடித்த திண்ணைகளில், நனைத்த போர்வைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்குவார்கள். 1930-களில் மரச்சுருள்களைப் பெட்டியில் அடைத்து, தண்ணீர் சொட்டவிட்டு, பின்னால் மின்விசிறி வைத்து, ஜன்னலில் பொருத்த ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வீடு பரவியது.

ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கேயும் ஒரு மழைக்காலம் வரும். காற்றில் ஈரம் ஏறும். அந்த வாரங்களில் அதே பெட்டி வீட்டுக்குள் சேற்று வாடையும் கசகசப்பும்தான் தரும். மெஷினில் ஒரு பழுதும் கிடையாது. வெளியே காற்று மாறிவிட்டது. பிற்பாடு ஏசி மலிவானபோது மக்கள் அதற்கு மாறியதற்கு இந்தச் சில வாரங்களும் ஒரு காரணம்.

9/
இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், எளிதுதான்.

ஊர் அ: வெப்பம் 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20%. நல்ல கூலர் இந்தக் காற்றை ஏறக்குறைய 27 டிகிரிக்குக் கொண்டுவரும். 13 டிகிரி லாபம்!

ஊர் ஆ: வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் 65%. அதே கூலர் அதிகபட்சம் 31 டிகிரிக்குக் கொண்டுவரும். 4 டிகிரிதான் லாபம். கூடவே அந்தக் காற்று நீரால் நிரம்பியிருக்கும். உங்கள் வியர்வை போக இடமில்லை.

அதாவது புழுக்கமான ஊரில் கூலர் போட்டால், நம் உடம்பின் சொந்தக் குளிரூட்டியை நாமே காசு கொடுத்து முடக்குகிறோம்.

10/
அடுத்து காற்று.

பங்கா என்ற சொல்லை நம் தாத்தா பாட்டிகள் நன்றாக அறிவார்கள். கூரையில் தொங்கும் நீளமான துணிச்சட்டம். அதில் ஒரு கயிறு. அந்தக் கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியே வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். கோர்ட், கச்சேரி, சர்ச், வெள்ளைக்காரர் வீட்டுப் படுக்கையறை என்று எல்லா இடத்திலும் பங்கா ஆடியது.

உள்ளே தூங்குபவருக்காக வெளியே ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்க வேண்டும். கண் அயர்ந்தால்?

11/
அடி. உதை.

தூங்கிவிட்ட பங்கா இழுப்பவர்களை வெள்ளைக்கார எஜமானர்கள் உதைத்து, அதில் உயிரே போன வழக்குகள் உண்டு. அந்த வழக்குகளில் எதிர்த்தரப்பு திரும்பத் திரும்ப வைத்த வாதம், ஒரு மருத்துவனாக என்னை மிகவும் உறுத்துவது.

மலேரியா பரவிய நாட்டில் பலருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். வீங்கிய மண்ணீரல் லேசான அடியிலும் கிழிந்துவிடும். "நான் லேசாகத்தான் உதைத்தேன். அவனுக்கு மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது." இதைக் காரணமாக வைத்தே பலர் சிறு தண்டனையோடு தப்பியிருக்கிறார்கள்.

மருத்துவ உண்மை ஒன்று கொலைக்குச் சாக்காகப் பயன்பட்ட வரலாறு அது. ஒருவரின் குளிர்ச்சிக்கு இன்னொருவர் எவ்வளவு கொடுத்திருக்கிறார் பாருங்கள்.

12/
அந்தக் கயிற்றை மனிதர் கையில் இருந்து விடுவித்தது மின்மோட்டார்.

1880-களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர், தையல் மெஷினுக்காக உருவாக்கிய மோட்டாரில் இறக்கை பொருத்திக் கூரையில் தொங்கவிட்டார். சீலிங் ஃபேன் பிறந்தது.

உண்மையில் ஃபேன் அறையைக் குளிர்விப்பதே இல்லை. அறையில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், ஃபேன் போட்டாலும் அளவு இறங்காது. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிட்டு, வியர்வை ஆவியாக வழி செய்வதுதான் அதன் வேலை. அதனால் யாருமே இல்லாத அறையில் ஃபேன் ஓடுவது சுத்தமான வீண்செலவு.

13/
"சரி டாக்டர்.. நல்ல வெயிலில் ஃபேன் போட்டா அனல் காத்தா வருதே?"

அந்த 13 நிமிட இறைச்சி ஞாபகம் இருக்கா? நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடானால், ஃபேன் ஒரு கையால் சூட்டை ஏற்றுகிறது, மறு கையால் வியர்வையை ஆவியாக்கிச் சூட்டை எடுக்கிறது. எது ஜெயிக்கும்?

2019-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துப் பார்த்தார்கள். 40 டிகிரியும் 50% ஈரப்பதமும் இருந்தபோது ஃபேன் நன்மை செய்தது. 47 டிகிரியும் 10% ஈரப்பதமும் இருந்தபோது ஃபேன் கெடுதல் செய்தது. உலர்ந்த காற்றில் வியர்வை ஏற்கெனவே முழுதாக ஆவியாகிவிடுகிறது. ஃபேன் அங்கே சூட்டை மட்டும்தான் ஏற்றும்.

உலக சுகாதார நிறுவனமும் 40 டிகிரிக்கு மேல் ஃபேன் உடம்பைச் சூடாக்கும் என்றே எச்சரிக்கிறது.

14/
இந்தக் கணக்கு இளைஞர்களுக்கு. வயதானவர்களுக்கு வியர்வை குறைவாகவே சுரக்கும். வியர்வை இல்லாத உடம்புக்கு ஃபேன் என்பது அந்தத் துருத்தி மாதிரிதான்.

அதற்குத் தீர்வும் எளிது. வியர்வைக்குப் பதில் தண்ணீர் கொடுங்கள். கை, கால், கழுத்து, முகத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பிறகு ஃபேன் காற்று படட்டும். மணிக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். செலவு பூஜ்யம்.

15/
இடையில் ஐஸ் கதை.

1833-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஏரி ஐஸை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர். நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் ஏறக்குறைய 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது!

சென்னையில் அவர் ஐஸைச் சேமிக்கக் கட்டிய கட்டிடம்தான் 1842-ன் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கிய அதே கட்டிடம், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்த ஐஸ் பணக்காரர்களின் கோப்பைக்கும், சில நோயாளிகளின் காய்ச்சலுக்கும் போனதே தவிர, சாமானியர் வீட்டைக் குளிர்விக்கவில்லை.

16/
ஐஸை மருந்தாகப் பார்த்த ஒரு மருத்துவரும் இருந்தார். ஜான் கோரி. ஃபுளோரிடாவின் அப்பலாச்சிகோலா என்ற துறைமுக ஊர்.

கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று அன்றைய மருத்துவம் நம்பியது. காற்றைக் குளிர்வித்தால் நோயாளி பிழைப்பார் என்று நினைத்த கோரி, கூரையில் ஐஸ் பாத்திரத்தைத் தொங்கவிட்டு அறையைக் குளிர்வித்தார். வடக்கிலிருந்து வரும் ஐஸ் போதவில்லை. ஐஸ் செய்யும் இயந்திரத்தையே உருவாக்கி 1851-ல் காப்புரிமை பெற்றார். முதலீடு கிடைக்காமல் 1855-ல் இறந்துபோனார்.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் 1897-ல் கண்டுபிடித்தார். கோரி நம்பிய காரணம் தவறு. ஆனால் வெப்பத்தில் தவிக்கும் நோயாளிக்குக் குளிர்ச்சியும் சிகிச்சைதான் என்ற அவர் எண்ணம் இன்றும் நிற்கிறது.

17/
ஏசி எப்படி வந்தது? மனிதருக்காக வரவே இல்லை!

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, கலர் மேல் கலர் சரியாகப் பொருந்தாமல் போனது. சிவகாசியில் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகப் புரியும். வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அதற்குத் தீர்வாகத்தான் தன் கருவியை வடிவமைத்தார். நோக்கம், காற்றில் உள்ள ஈரத்தைக் கட்டுப்படுத்துவது.

ஏசியின் உண்மையான பலம் இதுதான். அது சூட்டையும் ஈரத்தையும் சேர்த்தே எடுக்கிறது. புழுக்கத்தில் அதனோடு கூலரும் ஃபேனும் போட்டி போட முடியாததற்குக் காரணம் இது. இதை மறைத்துவிட்டு "ஏசியே வேண்டாம்" என்று எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

18/
கடைசியாக கூரை. இந்தத் த்ரெட்டில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி இதுதான்.

ஜூலை 1995, சிகாகோ. ஒரே வாரத்து வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று வீடு வீடாக ஒப்பிட்டார்கள். தனியாக வாழ்ந்தவர்கள், படுக்கையில் இருந்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே போகாதவர்கள் அதிகம் இறந்திருந்தார்கள்.

கட்டிடத்தின் மேல் தளத்தில் வசித்தவர்களும்தான்.

2003-ல் பிரான்சில் சுமார் 15,000 பேரைக் கொன்ற வெப்ப அலையிலும் இதே கதை. கூரைக்கு நேர் கீழே படுக்கையறை இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம்.

19/
நம் நாட்டுக்கு வருவோம். மே 2010, அகமதாபாத். வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

அதே ஊரில் ஒரு மருத்துவமனை. பிரசவ வார்டு மேல் மாடியில், கூரைக்கு நேர் கீழே இருந்தது. அந்தக் கோடையில் பச்சிளம் குழந்தைகள் வெப்பத்தால் காய்ச்சல் கண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அப்படி வந்து சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது.

புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. மாடியை மாற்றினார்கள்.

2013-ல் அகமதாபாத் மாநகராட்சி தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017-ல் இருந்து குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் நடந்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது.

20/
ஏன் கூரை இவ்வளவு முக்கியம்?

பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குச் சட்டங்கள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு பூசி, மேலே தட்டோடு பதிப்பார்கள். தடிமனான கூரை, உயரமான உட்சுவர், சூடு மேலே ஏறிப் போக இடம். ஓட்டு வீடுகளில் முற்றமும் திண்ணையும் இருந்தன.

இன்று சில அங்குல கான்கிரீட் தளம். பகல் முழுக்க வெயில் குடித்துவிட்டு, சாயங்காலத்தில் இருந்து நள்ளிரவு வரை அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்குகிறது. "ராத்திரி ஃபேன் போட்டா அனல்தான் இறங்குது" என்று சொல்கிறோமே, அது ஃபேனின் தப்பில்லை. தளத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றை அது கீழே தள்ளுகிறது.

பகல் முழுக்க வெப்பத்தோடு போராடிய இதயத்துக்கு இரவில்தான் ஓய்வு. அந்த ஓய்வு நாள் கணக்கில் கிடைக்காதபோது வயதானவர்கள் நிலைகுலைகிறார்கள்.

21/
ஆக, எதை வாங்குவது? இப்போது நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

முதல் செலவு கூரைக்கு ✅

மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயிண்டோ அடியுங்கள். மேல் தளத்தில் இருந்தால் உள்ளே சில டிகிரி குறையும். ஒவ்வொரு வருடமும் கோடைக்கு முன் மாடியைக் கழுவுங்கள், அழுக்கடைந்த வெள்ளைக்கு வேலை செய்யத் தெரியாது. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். உள்ளே போடும் திரைச்சீலை, சூடு கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் தடுக்கிறது. வெளியே கட்டுவது தாண்டும் முன்பே தடுக்கும்.

வாடகை வீடா? வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். அவர் தளத்துக்கும் அது நல்லதுதான்.

22/
இரண்டாவது, உங்கள் ஊர்க் காற்றைச் சோதியுங்கள் ✅

சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றி, மதியம் நிழலில் இரண்டையும் வைத்து ஃபேன் காற்று படும்படி சில நிமிடம் விடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கூலரால் அந்த வித்தியாசத்தில் முக்கால் பங்கு வரைதான் குறைக்க முடியும்.

👉 10 டிகிரிக்கு மேல் இருந்தால் கூலர் நன்றாக உதவும்.
👉 6 டிகிரிக்குக் கீழே என்றால் கூலருக்குப் போடும் காசை நல்ல ஃபேனுக்கும் கூரைக்கும் போடுங்கள்.

வேலூர், தர்மபுரி, கரூர், திருச்சி, மதுரை போன்ற உள் மாவட்டங்களில் ஏப்ரல், மே மதியங்கள் பெரும்பாலும் கூலருக்கு ஏற்றவை. கடலோரத்தில் கடல் காற்று வந்துவிட்ட பிறகு கூலர் எடுபடாது. கடல் காற்று தாமதமாகி மேற்கிலிருந்து அனல் அடிக்கும் நாட்களில் மட்டும் கொஞ்சம் உதவும்.

23/
கூலர் வாங்கினால் மூன்று விஷயம் ⚠️

ஒன்று. ஜன்னலில் வெளிக்காற்றை இழுக்கும்படி வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து விடுங்கள். மூடிய அறைக்குள் கூலர் போட்டால் அரை மணியில் அறையே குளியலறை மாதிரி ஆகிவிடும்.

இரண்டு. வாரம் ஒருமுறை தண்ணீரை முழுதாக வடித்து, தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடங்களில் கூலர் தொட்டி முக்கியமானது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது.

மூன்று. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இரும்புக் கூலரும் தண்ணீரும் மின்கசிவும் சேர்ந்தால் உயிர் போகும். தண்ணீர் ஊற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

24/
மின்சாரக் கணக்கும் பார்த்துவிடலாம்.

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்ஸ்.
பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்ஸ்.
வீட்டு ஏர் கூலர் 150 முதல் 200 வாட்ஸ்.
ஒன்றரை டன் ஏசி சுமார் 1,500 வாட்ஸ்.

ஒரு ஏசி இழுக்கும் மின்சாரத்தில் 50 பிஎல்டிசி ஃபேன் ஓடும். பழைய ஃபேனை மாற்றப் போகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள்.

ராத்திரியில் வெளியே குளிர்ந்த பிறகு, டேபிள் ஃபேன் ஒன்றை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, மறுபக்க ஜன்னலைத் திறந்தால் உள்ளே தேங்கிய சூடு வெளியேறும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது. காலையில் வெயில் ஏறும் முன் ஜன்னல்களை மூடிவிடுங்கள்.

25/
மூன்றாவது, வீட்டில் இருக்கும் ஆளைப் பாருங்கள் ✅

65 வயதைத் தாண்டியவர், படுத்த படுக்கையாக இருப்பவர், பச்சிளம் குழந்தை, கர்ப்பிணி, இதயம் அல்லது சிறுநீரக நோயாளி. இவர்கள் மேல் தளத்தில் படுத்தால் கோடை முடியும்வரை கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். அகமதாபாத் குழந்தைகளுக்கு உதவியது அதுதான்.

நீர் பிரியும் மாத்திரை, சில மனநல மாத்திரைகள், சில இதய மாத்திரைகள் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடை தொடங்கும்போது உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

மாற்ற இடமும் இல்லை, கூரையும் ஓயவில்லை, ஊரும் புழுக்கமானது என்றால் அந்த ஒரு அறைக்கு மட்டும் ஏசி போடுவது ஆடம்பரம் ஆகாது. அதை மருந்துச் செலவில் சேருங்கள்.

26/
எல்லாம் செய்தும் ஒருவர் வெயிலில் குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவிழந்தால், உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்பவாதம். வியர்வை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுவந்து, துணியைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி வேகமாகக் காற்று வீசுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமால் இதற்கு உதவாது.

தண்ணீர், கூடவே காற்று. வெட்டிவேர்த் தட்டிக்காரர் வீட்டுக்குச் செய்ததை நாம் உடம்புக்கே செய்கிறோம்.

27/
கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஊரில் வெக்கையா, புழுக்கமா?
என் தலைக்கு மேல் என்ன இருக்கிறது?
என் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் விற்பனையாளர் சொல்வதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

உங்கள் தெருவில் மாடி அறையில் தனியாக இருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், மே மாதம் மதியம் ஒருமுறை எட்டிப் பார்த்து "தண்ணி குடிச்சீங்களா ஐயா?" என்று கேளுங்கள். சிகாகோவில் பலருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

உங்கள் ஊர்த் தெர்மாமீட்டர் வித்தியாசம் எவ்வளவு என்று கமெண்ட்டில் சொல்லுங்கள். கூலர் வாங்கலாமா வேண்டாமா என்று சேர்ந்து பார்ப்போம்.